நாரைக்கூடும் நேர்ச்சை வெடியும்



மலைப்பொழிவில் நம் ஆண்டவர் வானத்துப் பறவைகளைச் சுட்டிக்காட்டிப் பேசிய பகுதியை அறியாத கத்தோலிக்கர் இலர். விதைக்கவும் அறுக்கவும் அறியாத அவற்றை விண்ணகத் தந்தை உண்பிக்கிறார் என்று கேட்டவுடன், கவலையை விட்டொழிக்க வேண்டும் என்னும் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நாம் எழுந்து போய்விடுகிறோம். அதற்குமுன் ஆண்டவர் இட்ட கட்டளை ஒன்று உண்டு. பறவைகளைப் பார்க்க வேண்டும் என்பதே அது. புனித மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் வழங்கும் வினைச்சொல், போகிற போக்கில் கண்ணில் படுவதைக் குறிப்பதன்று. நின்று உற்று நோக்குவதைக் குறிப்பது.

நம்மில் எத்தனை பேர் இக்கட்டளையை நிறைவேற்றியிருக்கிறோம்? காகம், கோழி, மைனா, கிளி என்று நான்கைந்து பெயர்களோடு நம் பிள்ளைகளின் பறவை அறிவு முடிந்துவிடுகிறது. பெரியவர்களாகிய நம் நிலையும் அதனினும் மிகுதியாக இல்லை. அந்நாளில் கடைத்தெருவில் குருவி விற்ற விலையைக்கூட நம் ஆண்டவர் அறிந்திருந்தார். ஒரு காசுக்கு இரண்டு குருவிகள் என்று மத்தேயு எழுதுகிறார். இரண்டு காசுக்கு ஐந்து என்று லூக்கா எழுதுகிறார். அப்படியானால் ஐந்தாவது குருவி கொசுறாகக் கொடுக்கப்பட்டது. விலையே இல்லாத அந்த ஐந்தாவது குருவியையும் கடவுள் மறப்பதில்லை என்பதே ஆண்டவர் தந்த ஆறுதல். உற்று நோக்கியவருக்கன்றி இத்தகைய உவமை வாயில் வருமா?

இவ்வெண்ணத்தோடு சென்ற ஆண்டுத் தவக்காலத்தில், பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், என் தமக்கையின் குடும்பத்தாருடன் கூந்தன்குளத்திற்குச் சென்று வந்தேன். தமக்கை, அவர் மகன், மருமகள், பத்து வயதுப் பேரன், ஆறு வயதுப் பேத்தி, நான் என ஆறு பேர். அன்று அங்கே பிறந்த கேள்வி ஒன்று, ஒரு குடும்பத்தின் பத்தாண்டு நேர்ச்சையையே உரைத்துப் பார்த்தது. அதனால்தான் இதனை எழுதுகிறேன்.

* * *

கூந்தன்குளம் திருநெல்வேலிக்குத் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், நாங்குநேரி வட்டத்தில் உள்ள சிற்றூர். கூந்தன்குளம், காடன்குளம் என்னும் இரு குளங்களும் சேர்ந்து 129 எக்டேர் பரப்புள்ள பறவைகள் சரணாலயமாக 1994ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டன. உலகளவில் சிறப்புடைய ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் 2022ஆம் ஆண்டு இவ்வூர் இடம்பெற்றது. ஆனால் அரசாணை வருவதற்கு நெடுங்காலம் முன்பே இப்பறவைகளுக்குக் காவலாய் நின்றவர்கள் ஊர்மக்களே.

விடியுமுன் புறப்பட்டோம். மூலைக்கரைப்பட்டியை நெருங்கும்போது, எதிர்பாராத கோடை மழை பிடித்துக்கொண்டது. இரவல் வாங்கிய தொலைநோக்கி ஒன்றை மடியில் வைத்துக் காத்திருந்த பேரனின் முகம் வாடிவிட்டது. "திரும்பிப் போயிருவோமா?" என்று மருமகன் கேட்டான். "மழை பெய்யுதுன்னு நாரை கூட்டை விட்டுட்டா போயிருச்சு? வண்டியை விடு ஐயா" என்றார் என் தமக்கை.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதை ஊருக்குள் நுழைந்ததும் கண்டோம். குளத்து மரங்களில் மட்டுமன்றி, வீடுகளை ஒட்டிய மரங்களிலும் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. ஒரு மரத்தில் பத்துப் பன்னிரண்டு கூடுகள். ஒவ்வொரு கூட்டிலும் சாம்பல் பூத்த குஞ்சுகள் இரண்டு, மூன்று. மழை வலுத்தபோது, தாயோ தந்தையோ ஒரு நாரை, கூட்டின் விளிம்பில் நின்று சிறகுகளை அகல விரித்துக் குஞ்சுகளின்மேல் கவிழ்த்துக்கொண்டது. வெயிற்காலத்தில் குஞ்சுகள் வெந்து போகாதபடி நாரைகள் இவ்வாறே சிறகால் நிழல் தரும் என்பர். அன்றோ, சிறகின் ஓரத்திலிருந்து நீர் சரம் சரமாக வடிய, அந்தப் பறவை அசையாமல் நின்றது. வளர்ந்த நாரைக்குப் பெரும்பாலும் குரல் கிடையாது. அலகுகளைத் தட்டியே ஒலியெழுப்பும். அந்த 'கடகட' ஓசையும் மழையின் ஓசையுமன்றி வேறொன்றும் கேட்கவில்லை. கைப்பேசியின்றி ஒரு நாழிகை இருக்க அறியாத பிள்ளைகள், ஒரு குடைக்குள் இருவராக வாய் மூடி நின்றார்கள்.

குளத்தில் கூழைக்கடாக்கள் மிதந்தன. கரையோரத்தில் கரண்டிவாயன் அலகை நீரில் பக்கவாட்டில் வீசி வீசி இரை தேடிற்று. நத்தைகுத்தி நாரையின் அலகுகள் நடுவில் ஒன்றோடொன்று பொருந்தாமல் இடைவெளி விட்டிருப்பதைப் பேத்திதான் முதலில் கண்டாள். "இதுக்கு வாய் மூடவே மூடாதா, சாமித் தாத்தா?" என்றாள். நத்தையைப் பற்றி ஓட்டிலிருந்து சதையைப் பிரித்தெடுக்க அமைந்த அலகு அது என்று சொன்னேன். படைத்தவர் ஒவ்வொன்றுக்கும் அதனதன் தொழிலுக்கேற்ற கருவியைக் கொடுத்தே அனுப்பியிருக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் வெளிநாட்டுப் பறவைகள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கூந்தன்குளத்தில் கூடு கட்டுகிற நாரைகளும் கூழைக்கடாக்களும் நம் நாட்டுப் பறவைகளே. மழையும் நீரும் மீனும் உள்ள இடம் நாடி டிசம்பர் வாக்கில் வந்து, குஞ்சு பொரித்து, ஜூன், ஜூலை மாதங்களில் பிரிந்து செல்கின்றன. வெளிநாட்டினின்று வருவன வேறு. திபெத்து, மங்கோலியா ஆகிய பகுதிகளின் ஏரிகளில் குஞ்சு பொரித்து, குளிருக்குத் தப்ப இமயத்தையே கடந்து வரும் வரித்தலை வாத்து அவற்றுள் ஒன்று. அவை இங்குக் கூடு கட்டுவதில்லை. பனிக்காலத்தைக் கழித்துவிட்டுத் தம் ஊர் திரும்புகின்றன. நாரை தன் காலத்தை அறிந்திருக்கிறது, கடவுளின் மக்களோ அவர் நெறியை அறியவில்லை என்று எரேமியா இறைவாக்கினர் புலம்பியதன் பொருள் அன்று எனக்கு நன்கு விளங்கிற்று. எபிரேய மொழியில் நாரையின் பெயர் 'ஹசீதா'. பேரன்பைக் குறிக்கும் 'ஹெசெத்' என்னும் சொல்லோடு உறவுடைய பெயர் அது. குஞ்சுகளிடம் அது காட்டும் பரிவைக் கண்டே முன்னோர் அப்பெயரை இட்டனர் போலும்.

* * *

மழை பெருகவே ஒரு வீட்டுச் சாய்ப்பின்கீழ் ஒதுங்கினோம். என் அங்கியைக் கண்ட மூதாட்டி ஒருவர், "வாங்க சாமி" என்று உள்ளே அழைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். முற்றமெல்லாம் பறவை எச்சமாய் வெள்ளை பூத்திருந்தது. "நாற்றம் தொந்தரவாக இல்லையா, பாட்டி?" என்று மருமகள் கேட்டாள். "பிள்ளை இருக்குற வீட்டுல பீத்துணி நாறத்தானே செய்யும் தாயி" என்றார் அவர். அவ்வெச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு நல்ல உரமாவதையும் சொன்னார். பிறகு, இவ்வூரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று கேள்விப்பட்டது உண்மைதானா என்று மருமகன் விசாரித்தான்.

"பிள்ளை பெறப் பொறந்த வீட்டுக்கு வந்த மக உள்ளே படுத்திருக்கையில, வாசல்ல யாரும் வெடி போடுவாவளா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பேரன் தன் தந்தையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். "அப்பா, நம்ம ஊர்க் கோவிலுக்குப் பின்னாடி குளத்து மரத்துலயும் நாரை கூடு இருக்கே. திருவிழாவுக்கு நாம வெடி போடுறோமே. போன வருஷம் மறுநாள் காலையில மூணு குஞ்சு செத்துக் கிடந்துச்சு, நான் பார்த்தேன்" என்றான். யாரும் பேசவில்லை.

அந்த மௌனத்தின் காரணத்தை நீங்கள் அறிய வேண்டும். அந்தப் பையன் குறைமாதத்தில் பிறந்தவன். பத்தொன்பது நாள் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். அவன் பிழைத்தால், பாதுகாவலரான புனித சூசையப்பரின் திருவிழாவில் ஆண்டுதோறும் தேர்ப்பவனி முடிந்ததும் வெடி போடுவதாக என் மருமகன் பீடத்தின் முன் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டான். பத்தாண்டுகளாக, கடன் வாங்கிய ஆண்டிலும்கூட, அதனைத் தவறாமல் நிறைவேற்றி வந்தான். மே முதல் நாளையொட்டி வரும் அந்தத் திருவிழா, நாரைகள் குஞ்சுகளோடு இருக்கும் காலம்.

வீடு திரும்பும் வழியில் பையன் மெல்ல, "எனக்காகவாப்பா வெடி போடுறீங்க?" என்று கேட்டான். மருமகன் விடை சொல்லவில்லை. மழை ஓயும் வரையில் வண்டியின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தான்.

* * *

அன்றிரவு அவன் என்னிடம் வந்தான். "சாமி, புனிதருக்குக் கொடுத்த வாக்கை நான் எப்படி மீற முடியும்? மீறினால் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிட்டால்?" என்றான். இது ஏளனத்துக்குரிய அச்சமன்று. நம் குடும்பங்களில் பலருடைய நெஞ்சில் இருக்கும் அச்சம். ஆகவே திருச்சபை இதுபற்றிக் கற்பிப்பதை இங்கே தெளிவாகக் கூற விரும்புகிறேன்.

வார்த்தைப்பாடு என்பது, நம்மால் இயலக்கூடிய, மேலான நன்மையொன்றைக் குறித்து, தெளிந்த மனத்தோடும் முழுச் சுதந்திரத்தோடும் கடவுளுக்குத் தரும் வாக்குறுதி. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1191ஆம் சட்டம் இதனைக் கூறுகிறது. அதனை நிறைவேற்ற நாம் கடமைப்பட்டவர்கள். அதே தொகுப்பின் 1197ஆம் சட்டமோ, தனிப்பட்ட முறையில் நேர்ந்துகொண்டவர், தாம் வாக்களித்த செயலை அதற்கு இணையான அல்லது அதனினும் மேலான வேறொரு நன்மையாகத் தாமே மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. குறைவான ஒன்றாக மாற்ற வேண்டுமாயின் அல்லது முற்றிலும் விலக்குப் பெற வேண்டுமாயின்தான் உரிய அதிகாரமுள்ளவரை அணுக வேண்டும். நியாயமான காரணம் இருப்பின் பங்குத்தந்தைக்கும் அவ்வதிகாரம் உண்டு. ஆகவே, நேர்ச்சையை மாற்றினால் புனிதர் பழிவாங்குவார் என்பது நம் விசுவாசமன்று. தந்தையாம் கடவுளோடு நாம் செய்வது கந்துவட்டிக்காரரோடு எழுதும் பத்திரமன்று.

இன்னொன்றையும் அவனுக்கு எடுத்துக்காட்டினேன். இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் பறவைக்கூட்டைப் பற்றி ஒரு சட்டம் இருக்கிறது. வழியிலே கூட்டைக் கண்டால், தாயையும் குஞ்சுகளையும் சேர்த்து எடுத்துவிடலாகாது. தாயைப் போகவிட வேண்டும். மோசே வழியாக வந்த கட்டளைகளில் மிகச் சிறியதென்று யூத அறிஞர் இதனைக் கருதினர். ஆயினும் இதனைக் கைக்கொள்வோருக்கு நலமும் நெடுவாழ்வும் வாய்க்கும் என்று கடவுள் வாக்களிக்கிறார். தாய் தந்தையரை மதிப்போருக்கு அதே நூலின் 5ஆம் அதிகாரத்தில் தரப்படும் வாக்குறுதியும் இதுவே. பெற்றோரை மதிப்பதும், பெற்றோராகிய ஒரு பறவையை மதிப்பதும் ஒரே வாக்குறுதியின்கீழ் வைக்கப்பட்டுள்ளன. தன் பிள்ளையின் ஆயுளுக்காக நேர்ந்துகொண்ட தகப்பன் இதனை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

நான் இவ்வளவும் சொன்னேன். ஆனால் முடிவு செய்ய உதவியது என் பேச்சன்று. கதவருகே நின்றிருந்த என் தமக்கை, "நம்ம பிள்ளை கண்ணாடிப் பெட்டியில கிடந்தப்போ, அந்த வார்டுல ஒருத்தர் சத்தமாப் பேசினாலே உனக்குக் கோபம் வந்துச்சே ஐயா" என்றார். அவ்வளவுதான்.

* * *

மூன்று நாள் சென்று மருமகன் தன் நேர்ச்சையை மாற்றிக்கொண்டான். வெடிக்குச் செலவிடும் தொகையை, ஆண்டுதோறும் திருவிழா நாளில், குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையில் கிடக்கும் ஏழைக் குழந்தை ஒன்றின் செலவுக்குக் கொடுப்பது என்று பீடத்தின் முன் மறுபடியும் முழந்தாளிட்டு வாக்களித்தான். இம்முறை அவன் அருகில் அவன் மகனும் முழந்தாளிட்டிருந்தான்.

ஊரில் எல்லாரும் இதனை ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதினால் அது உண்மையாகாது. வெடியில்லாத் திருவிழா என்ன திருவிழா என்றவர் உண்டு. பக்கத்து ஊரார் நகைப்பர் என்றவரும் உண்டு. பன்முறை பேசிய பின், பொது வெடியைக் குளத்தங்கரையிலிருந்து ஊருக்கு மேற்கே உள்ள தரிசுக்கு மாற்றவும், அளவைக் குறைக்கவும் மட்டும் விழாக்குழு இசைந்தது. திருவிழாவின் மறுநாள் விடியற்காலையில் பேரன் குளத்தங்கரைக்குப் போய்ப் பார்த்தான். ஒரு குஞ்சு விழுந்து கிடந்தது. காற்றில் விழுந்ததோ, ஓசையில் விழுந்ததோ, யாரறிவார்? அவன் தன் குறிப்பேட்டில் 'ஒன்று' என்று எழுதி வைத்திருக்கிறான். அடுத்த ஆண்டு அங்கே சுழியம் எழுத வேண்டும் என்பது அவன் ஆசை.

நம் திருவிழாக்களின் மகிழ்ச்சியைக் குறைக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. ஆனால் கூந்தன்குளத்தார் மட்டுமா இத்தகைய ஒறுத்தல் செய்கிறார்கள்? சிவகங்கை மாவட்டத்தில் 1977ஆம் ஆண்டு சரணாலயமான வேட்டங்குடியைச் சூழ்ந்த ஊரார் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி தொடுவதில்லை. வேடந்தாங்கல் மக்கள், தங்கள் ஏரியின் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுவதைப் பொறாமல் முறையிட்டு, 1798ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடமிருந்து பாதுகாப்புக் கவுல் பெற்றார்கள். இவர்களில் மிகப் பலர் நம் திருமறையைச் சார்ந்தவரல்லர். தங்கள் தலையாய பண்டிகையின் மகிழ்ச்சியில் ஒரு பகுதியை, வாய்பேசா உயிர்களுக்காக, ஒருவரும் கேளாமலே விட்டுக்கொடுத்தவர்கள். தவக்காலத்தில் புலாலை விலக்குகிற நாம், நம் ஒறுத்தலால் வேறொருவர் வாழ்கிறாரா என்று கேட்டுப் பார்ப்பது நன்று. உரோமை நூற்றுவர் தலைவனிடம் கண்ட விசுவாசத்தை இசுரயேலிலும் காணவில்லை என்று வியந்த நம் ஆண்டவர், கூந்தன்குளத்து மூதாட்டியின் மொழியைக் கேட்டால் என்ன சொல்லுவார்?

திருச்சபையும் இதில் நமக்கு வழிகாட்டாமல் இல்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979ஆம் ஆண்டு அசிசி நகர்ப் புனித பிரான்சிசுவைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், உயிர்களிடம் அன்பும் அக்கறையும் காட்டும் முதற் பழக்கங்களைப் பிள்ளைகள் கற்பது குடும்பத்திலேதான் என்று எடுத்துரைத்தார். பள்ளியையோ அரசையோ எதிர்பாராமல் முதற்பாடத்தை வீட்டில் நடத்தும் பொறுப்பு பெற்றோருடையது.

பெற்றோருக்கு மற்றொரு சொல். பிள்ளையின் கேள்வியைத் தட்டிக் கழிக்காதீர்கள். இந்தியப் பறவையியலின் பேரறிஞர் சாலிம் அலி 1896ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, பம்பாயில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாயிருந்தபோது அவர் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று கேட்டார். மாமனுக்கு விடை தெரியவில்லை. 'போ, விளையாடு' என்று விரட்டாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அவரை அனுப்பி வைத்தார். அங்கே செயலராயிருந்த மில்லார்டு என்பவர், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைப் பேழை பேழையாகத் திறந்து காட்டினார். துப்பாக்கியோடு தொடங்கிய அந்தச் சிறுவன், 1987ஆம் ஆண்டு மறையும் வரையில் பறவைகளுக்காகவே வாழ்ந்தார். ஒரு கேள்விக்குப் பெரியவர் இருவர் கொடுத்த மதிப்பின் விளைவு அது.

ஆகவே, அன்புக் குடும்பத்தாரே, இந்த ஆண்டில் ஒரு விடியற்காலையாவது உங்கள் ஊர்க் குளத்திற்கோ கண்மாய்க்கோ அனைவரும் சேர்ந்து செல்லுங்கள். செலவு வேண்டா, தொலைவு போக வேண்டா. தாத்தா பாட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பறவைகளின் ஊர்ப்பெயர்கள் அவர்கள் நாவில்தான் இருக்கின்றன. கண்டவற்றைப் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். கூட்டின் அருகே நெருங்காமலும் கல்லெறியாமலும் இருக்கப் பழக்குங்கள். உங்கள் பங்கின் திருவிழாக் காலத்தில் அருகிலுள்ள மரங்களில் கூடுகள் உண்டா என்று பார்த்து, இருந்தால் உங்கள் பங்குத்தந்தையிடமும் விழாக்குழுவினரிடமும் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். வெடி நேர்ந்துகொண்டவர்கள் அஞ்ச வேண்டா. அதனை மேலான நன்மையாக மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு.

நாசரேத்தில் திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பர், பாலனைக் கோவிலில் ஒப்புக்கொடுக்கச் சென்றபோது, ஏழைகளுக்கென்று சட்டம் அனுமதித்த பறவைக் காணிக்கையையே கொண்டு சென்றார். அந்தப் புனிதர் உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும், உங்கள் ஊர் மரங்களில் பிள்ளை பெற வந்த விருந்தாளிகளையும் காப்பாராக. எல்லாம் வல்ல இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.